வளைந்ததால் கெட்டதாம்

போன ஆகஸ்ட் 19ஆம் தேதி கோவில்பட்டியில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செல்போன் கடையில் 799 ரூபாய் கொடுத்து ஒரு சார்ஜர் வயர் வாங்கினேன். ஜனவரி 10ஆம் தேதி, பொங்கலுக்கு முந்தின வாரம், அது கெட்டுப்போனது. நடுவில் 144 நாள். பெட்டியின் மேல் ஒரு வருட வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த வாரண்டியைக் கேட்டு வாங்க எனக்கு 47 நாள் ஆனது. இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய் வந்தேன்.

"ஒரு வயருக்கா இத்தனை அலைச்சல்? விட்டுத் தொலை, வேற வாங்கிக்கலாம்" என்று என் தம்பி அப்போதே சொன்னான். வீட்டில், ஆபீசில், பக்கத்து வீட்டில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். விட்டுத் தொலைக்கத்தான் நானும் நினைத்தேன். சர்வீஸ் சென்டரில் கேட்ட ஒரு பதில் என்னை விடவிடவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் வயரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ஆபீஸ் என்றால் வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலியை நினைப்பார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம். வங்கி ஓடிபி, ஜிஎஸ்டி ஓடிபி, லாரிக்காரர் அனுப்பும் ரசீது, ஏஜென்ட்டுகளின் பணம் வந்ததா என்கிற செய்தி எல்லாம் என் ஒரே போனுக்குத்தான் வரும். மதியம் சார்ஜ் இறங்கிவிட்டால் என் வேலை நின்றுவிடும்.

போனோடு வந்த வயர் ஒன்றரை வருடத்தில் கழுத்து விட்டுப்போனது. சரி, இந்த முறை நல்லதாக வாங்குவோம் என்று தீர்மானித்தேன். கடைகளில் 80 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் தொங்குகிற வயர்களை வாங்க எனக்குப் பயம், அதற்குக் காரணமும் உண்டு. டைப்-சி முனை வந்த புதிதில், 2015இல், கூகுளில் வேலை பார்த்த பென்சன் லியுங் என்ற பொறியாளர் அமேசானில் விற்ற வயர்களைத் தானே வாங்கிச் சோதித்து, எது சரி எது தப்பு என்று அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பழைய அகல முனையும் மறுபக்கம் டைப்-சியும் உள்ள வயரில், டைப்-சி தலைக்குள் 56 கிலோ ஓம் அளவில் ஒரு சின்ன மின்தடை இருக்க வேண்டும். போன் அதைப் பார்த்துத்தான் இந்த வழியில் இவ்வளவு மின்சாரம்தான் இழுக்கலாம் என்று தெரிந்துகொள்ளும். பல வயர்களில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் 3 ஆம்பியர் இழுக்கலாம் என்று போன் நினைத்துக்கொள்ளும், பழைய சார்ஜருக்கோ கணினிக்கோ அந்தத் தெம்பு இருக்காது. 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு வயரில் மின்சாரம் வரும் கம்பியும் திரும்பும் கம்பியும் இடம் மாறியிருந்தன. அதைச் செருகியதும் அவருடைய லேப்டாப்பே கெட்டுப்போனது. அடுத்த மாதமே, விதிப்படி இல்லாத டைப்-சி வயர்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. இதையெல்லாம் படித்த பிறகு பதினெட்டாயிரம் ரூபாய் போனில் 80 ரூபாய் வயரைச் செருக எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் 799. மேலே நூல் பின்னிய வயர், ஒரு மீட்டர் நீளம். பெட்டியில் இரண்டு வாக்கியங்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. ஒன்று, ஒரு வருட வாரண்டி. இன்னொன்று, 10,000 முறை வளைத்துச் சோதிக்கப்பட்டது. இந்த இரண்டாவது வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. எதையும் ஃபைல் பண்ணி வைக்கிற தொழில் பழக்கம், அது இங்கே உதவியது.

டிசம்பர் கடைசியில் போன் சார்ஜ் ஏற நேரம் எடுக்க ஆரம்பித்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் நிறைகிற பேட்டரிக்கு நாலு மணி நேரம் ஆனது. திரையில் வேகமாக ஏறுகிறது என்று வரும் அடையாளம் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வயரைப் பிடுங்கும்போது முனைக்குப் பின்னால், கழுத்துப் பகுதியில், சூடு கையை உறுத்தியது. ஜனவரி 10 காலையில் சுத்தமாக நின்றுவிட்டது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஏறும், விட்டால் நிற்கும்.

எங்கள் தெரு முனையில் மொபைல் சர்வீஸ் பார்க்கிற தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் முதலில் என் போனின் ஓட்டையை ஊசியால் சுத்தம் செய்தான், வேறு வயர் போட்டான், ஒழுங்காக ஏறியது. போன் நல்லது. பிறகு பெருவிரல் அளவில் ஒரு மீட்டரை நடுவில் சொருகி என் வயரைப் போட்டான். அதில் வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தன. அவன் வயரில் 9 வோல்ட் காட்டியது. என்னுடையதில் 5 வோல்ட்டைத் தாண்டவேயில்லை, அதுவும் விட்டு விட்டு வந்தது.

"அக்கா, உள்ள நாலு கம்பி இருக்கும். ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. போனும் சார்ஜரும் அந்த டேட்டா கம்பி வழியாத்தான் பேசிக்கிடும். ஒம்போது வோல்ட் தரட்டுமா, தான்னு. அதுல ஒண்ணு அந்துபோச்சு. பேச்சு நடக்கலன்னா அஞ்சு வோல்ட்டோட நின்னுக்கிடும்."

சூடு ஏன் என்று கேட்டேன். கரண்டுக் கம்பி என்பது ஒற்றைக் கம்பி இல்லை, முடி மாதிரி மெல்லிய செப்பு இழைகளின் கற்றை. வளைகிற இடத்தில் ஒவ்வொன்றாக இழை அறுந்துகொண்டே வரும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இறுகிப் படக்கென்று உடைகிற மாதிரிதான். மிஞ்சிய இழைகளின் வழியாகவே முழு மின்சாரமும் போக வேண்டியிருப்பதால் அந்த இடம் காய்கிறது. நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கழுத்தில் 0.3 ஓம் தடை கூடினாலே 1.2 வாட் சூடு பிறக்கும். கேட்கச் சின்ன எண். ஆனால் அது புளியங்கொட்டை அளவு இடத்துக்குள் பிறக்கிறது, அதுவும் இராத்திரி தலையணைக்குப் பக்கத்தில்.

இதைத் தடுக்கத்தான் முனைக்குப் பின்னால் கழுத்து ரப்பர் வைக்கிறார்கள். வயர் ஒரே புள்ளியில் மடங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைய அது இடம் கொடுக்க வேண்டும், அதனால் நீளமாகவும் வயரின் பக்கம் போகப்போக மெலிந்தும் இருக்க வேண்டும். என் வயரில் அந்த ரப்பர் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதுவும் கல் மாதிரி. வளைவு முழுவதும் ரப்பர் முடிகிற அந்த ஒரு கோட்டில்தான் விழுந்தது. மேலே பின்னியிருந்த நூலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது அழகுக்கும் உரசலுக்கும்தான், உள்ளே இருக்கிற செம்பைக் காப்பாற்றாது.

அன்று மாலையே வாங்கின கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சியை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்துல போயிருக்கும்மா. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் ஆக்சசரீஸ் ரிட்டன் எடுக்க மாட்டேன்ட்டான். திருநேலி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும்."

"அண்ணாச்சி, பில்லு நீங்கதான குடுத்தீங்க?"

"குடுத்தேன்மா. நான் இல்லங்கலயே. எனக்கு இதுல நிக்கிறது அறுபது ரூவா. எங் கைக்காசப் போட்டு மாத்திக் குடுக்கட்டுமா சொல்லு."

அவர் அப்படிக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருடைய பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சாகியிருந்தது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்றுதான் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லில் போட்ட காலக்கெடுவுக்குள் எடுக்க வேண்டும், காலக்கெடு போடவில்லை என்றால் முப்பது நாள். அந்த வரியை அச்சடித்துவிட்டதாலேயே யாருக்கும் பொறுப்பு போய்விடாது. ஆனாலும் வயரைச் செய்தவர், மொத்தமாக இறக்குகிறவர், விற்றவர் என்ற மூன்று பேரில் அறுபது ரூபாய் பார்க்கிறவரின் சட்டையை நான் பிடிப்பதாக இல்லை. அண்ணாச்சியை இதில் இழுக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஜனவரி 20ஆம் தேதி அரை நாள் விடுப்பு போட்டுக் கிளம்பினேன். கயத்தாறு, கங்கைகொண்டான் தாண்டி வண்ணாரப்பேட்டையில் இறங்கினேன். சர்வீஸ் சென்டர் மாடியில். டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் ஹெட்செட்டோடு வந்து, வந்த வேகத்தில் திரும்பிப் போனார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கழுத்தை லேசாக வளைத்தாள்.

"மேடம், இது ஃபிசிக்கல் டேமேஜ். வாரண்டியில வராது."

"எங்க டேமேஜ் ஆகியிருக்கு? வெளியில ஒரு கீறல் காட்டுங்க."

"உள்ள கட் ஆகியிருக்கு மேடம். வளைச்சதால வர்றது. கஸ்டமர் யூசேஜ்."

இதுதான் நான் சொன்ன அந்தப் பதில். வளைத்ததால் கெட்டது, எனவே வாரண்டி கிடையாது.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வயர் என்பது வளைவதற்காகவே இருக்கிற பொருள். வளையாத வயர் வேண்டும் என்றால் இரும்புக் கம்பி போதும். அதற்குள் சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை, மென்பொருள் இல்லை. நாலு செப்புக் கற்றை, இரண்டு முனை, மேலே ஒரு உறை. அது கெடுவதற்கு அநேகமாக ஒரே வழிதான் உண்டு, வளைகிற இடத்தில் உள்ளே அறுவது. அந்த ஒரு வழியையும் வாரண்டியிலிருந்து எடுத்துவிட்டால், பெட்டியில் போட்ட ஒரு வருடம் எதற்காக?

என் தொழிலை வைத்தே சொல்கிறேன். எங்கள் ஆபீசிலிருந்து போகிற ஒரு பண்டலில் 600 தீப்பெட்டி இருக்கும். மழைக்காலத்தில் சில சமயம் மருந்து சரியாகப் பிடிக்காமல் போய்விடும், உரசும்போது தலை உதிர்ந்து விழும். வடக்கேயிருந்து ஏஜென்ட் போன் போடுவார். எங்கள் முதலாளி அந்தச் சரக்கைக் கழித்துக் கணக்கு நேர் செய்யச் சொல்வார், அந்தக் கழிவை நான்தான் பேரேட்டில் எழுதுவேன். நீங்கள் உரசியதால்தான் மருந்து உதிர்ந்தது, அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த லோடு போகாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு விற்கிற பொருளுக்கு எங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு 799 ரூபாய் வயர் விற்கிறவருக்கு வேண்டாமா?

அந்தப் பெண்ணிடம் நான் கோபப்படவில்லை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இப்போது மேடம் போய் அக்கா வந்திருந்தது. "பாருங்கக்கா, எனக்கு ரெண்டே ஆப்ஷன்தான். ஒண்ணு மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட். இன்னொண்ணு சிஐடி, கஸ்டமர் இண்ட்யூஸ்டு டேமேஜ். முதல் ஆப்ஷன் போட்டா மேல இருந்து ஏன் போட்டேன்னு கேப்பாங்க. ரெண்டாவது போட்டா யாரும் கேக்க மாட்டாங்க." அவள் சம்பளம் அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. கேள்வி கேட்கப்படாத பக்கத்தில்தான் யாரும் டிக் செய்வார்கள்.

"சரிம்மா, வாரண்டி இல்லைங்கிறத ஜாப் ஷீட்ல எழுதிக் குடு" என்றேன். பழுது பார்க்க எடுக்கவில்லை என்றால் ஜாப் ஷீட் போடுவதில்லை என்றாள். மேனேஜர் வந்தார், அவரும் அதையே சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஜாப் ஷீட் வந்தது. தேதி, பொருள், வாங்கிய நாள், காரணம்: ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டி மறுக்கப்பட்டது. கீழே முத்திரை. இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டும் என்றால் இது நிற்கட்டும். வாயால் மறுத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுதி வாங்குங்கள். எழுத்தில் மறுப்பு இல்லாவிட்டால், நீங்கள் வரவேயில்லை என்று அவர்கள் நாளைக்குச் சொல்லலாம்.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த அசல் பில், ஐந்து மாதத்தில் பாதி வெளுத்துவிட்டது. கடைகளில் கொடுக்கும் வழுவழுப்பான பில்லில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் அச்சுத் தலையின் சூட்டில் கறுக்கிறது, அவ்வளவுதான். வெயில் பட்டாலும், எண்ணெய்க் கை பட்டாலும், பிளாஸ்டிக் உறையிலேயே வைத்தாலும் எழுத்து மங்கிக்கொண்டே வரும். பில் இல்லாமல் வாரண்டி இல்லை என்பார்கள், ஆனால் வாரண்டி முடிகிற வரைக்கும் நிற்காத தாளில் பில் கொடுப்பார்கள். வாங்கிய அன்றே படம் எடுங்கள், முடிந்தால் ஒரு ஜெராக்சும் போட்டு வையுங்கள்.

22ஆம் தேதி கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு பதில், அருகில் உள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும். ஜாப் ஷீட்டை இணைத்து மறுபடி அனுப்பினேன். மறுபடி அதே வாக்கியம், வேறு பெயரில். நாலாவது கடிதத்துக்குப் பிறகு, நேரில் மறு ஆய்வு செய்ய வயரோடு வரச் சொன்னார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி இன்னொரு அரை நாள் விடுப்பு, அதே பேருந்து, அதே மாடி. மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் பதில் வந்தது, சேதம் உபயோகத்தால் ஏற்பட்டது, முடிவில் மாற்றமில்லை.

அன்று இரவு பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 10,000 முறை வளைத்துச் சோதிக்கப்பட்டது. வயரின் தலையை ஒரு பிடியில் இறுக்கி, கீழ் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டி எண்ணுவார்கள். என் வயர் என்னோடு இருந்தது 144 நாள். ஒரு நாளைக்குப் பத்து முறை வளைந்தது என்று தாராளமாக வைத்தாலும் 1,440 முறை. அவர்களே சொன்ன கணக்கில் ஏழில் ஒரு பங்கு. 144 நாளில் 10,000 வளைவைத் தீர்க்க வேண்டும் என்றால் நாள் தவறாமல் 69 தடவை நான் அதை மடக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு சட்டத்தில் எங்கே நிற்கும் என்று தேடினேன். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிற அந்த 2019ஆம் வருடச் சட்டம், குறைபாடு என்றால் என்ன என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ எதிர்பார்க்கிற தரத்தில் குறைந்தால் மட்டுமல்ல, விற்கிறவர் எந்த வகையில் சொல்லிக்கொண்ட தரத்திலிருந்து குறைந்தாலும் அது குறைபாடுதான். பெட்டியின் மேல் அச்சடித்தது அவர்கள் வாய்மொழி. அப்படியானால் 1,440 வளைவில் அறுந்தது என் உபயோகத்தின் பிழை இல்லை, அவர்கள் சொன்ன தரத்தில் விழுந்த குறை. எனக்கு அன்றுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பிப்ரவரி 10ஆம் தேதி 1915க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டு, பில், பெட்டியின் படம், ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இணைக்கச் சொல்லிப் புகார் எண் கொடுத்தார். ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், இந்த உதவி எண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். கம்பெனி அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எனக்கு அது தூத்துக்குடியில். பழைய 1986ஆம் வருடச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற ஊரையோ, பிரச்சினை எழுந்த ஊரையோ பார்க்க வேண்டும். இப்போது புகார் கொடுப்பவர் குடியிருக்கிற ஊரின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். புகார் மனுவை நான் எழுதித் தயாராக வைத்து, நகலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள், பிப்ரவரி 19 அன்று, போன் வந்தது. இதுவரை மின்னஞ்சலில் பெயராக மட்டும் இருந்தவர்களில் யாரும் இல்லை, புதுக் குரல். "மேடம், ஒன் டைம் குட்வில் அடிப்படையில உங்களுக்கு ரீப்ளேஸ்மென்ட் தர்றோம்."

குட்வில் என்றால் நல்லெண்ணம். அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் நல்லெண்ணம் கேட்கவில்லை, அவர்கள் விற்றபோது என்னிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கைக் கேட்டேன். சலுகையாகக் கொடுத்தால் அது எனக்கு மட்டும்தான், வாரண்டியின்படி கொடுத்தால் அடுத்து வருகிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும். அதனால்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வாரண்டியின் கீழ் மாற்றித் தருகிறோம் என்று எழுதி அனுப்பச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். 26ஆம் தேதி கூரியரில் வயர் மட்டும் வந்தது, கடிதம் வரவில்லை. மாற்றிக் கொடுத்த வயருக்குப் புதிதாக ஒரு வருடம் கிடையாதாம், பழையதில் மிஞ்சியிருக்கிற நாள்தான், அதாவது ஆகஸ்ட் 18 வரை. கழுத்து ரப்பர் பழையதில் இருந்த அதே நீளம்.

செலவைப் பேரேட்டில் எழுதுவது மாதிரி எழுதிப் பார்த்தேன். ஒரு பயணத்துக்குப் பேருந்து 110, அரை நாள் சம்பளம் 350, டீ 30, ஆக 490. இரண்டு பயணம் 980. தபாலும் ஜெராக்சும் 85. மொத்தம் 1,065 ரூபாய், வயரின் விலையைவிட 266 அதிகம். கம்பெனிக்கு இந்தக் கணக்கு தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஃபிரிட்ஜ் கெட்டால் ஆள் வீட்டுக்கு வருகிறார், ஏனென்றால் இருபதாயிரம் கொடுத்தவர் விடமாட்டார். 799 கொடுத்தவரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அலையவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். விற்க மட்டும் ஊருக்கு ஊர் கடை, மாற்றிக் கொடுக்கப் பெரிய ஊரில் ஒரு மாடி. விற்ற கடையிலேயே மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாத எந்தச் சின்னப் பொருளுக்கும் வாரண்டி என்ற சொல்லைப் பெட்டியில் போட அனுமதிக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் என்ன வழக்கம் என்று பார்த்தேன். அங்கே புதிதாக வாங்கிய பொருளுக்குக் குறைந்தது இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு, பொறுப்பு விற்றவருடையது. முதல் ஒரு வருடத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, வாங்கியவர்தான் கெடுத்தார் என்றால் விற்றவர் நிரூபிக்க வேண்டும். அந்த ஒரு விதி இங்கே இருந்திருந்தால் வண்ணாரப்பேட்டை மாடியில் அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒரே பார்வையில் கஸ்டமர் யூசேஜ் என்று சொல்லியிருக்க முடியாது. வயரை வெட்டிப் பார்த்து, ஏன் அறுந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

புது வயர் வந்ததை அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன். அவர் நம்பவில்லை, கையில் வாங்கிப் பார்த்தார். "நெசமாவே குடுத்துட்டானா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து மேலே வைத்துத் திறந்தார். உள்ளே அதே கம்பெனி வயர்கள், பதினொன்று. ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி, சிலவற்றில் வாங்கியவர் பெயர் துண்டுக் காகிதத்தில். கெட்டுப்போனது என்று கொண்டுவந்தவர்களிடம் திருநெல்வேலிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். யாரும் போகவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு வேறு வயர் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது வயர் ஒரே இடத்தில் தொளதொளத்தது.

அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் பில் விவரம் இருந்தது. பதினொன்றில் நாலுக்கு இன்னும் வாரண்டி முடியவில்லை. அந்த நாலு பேருக்கும் அவரே போன் போட்டுக் கேட்டார். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவருக்கு இதில் இஷ்டமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து மூன்று பேருக்கும் புகார் பதிந்தோம். அவரவர் போனிலிருந்தே பேசவைத்தேன், பில்லை அண்ணாச்சி புதிதாக அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெட்டியை யாரும் வைத்திருக்கவில்லை. அதனால் 10,000 வளைவு என்று அச்சடித்த என் பெட்டியின் படத்தையே மூன்றிலும் இணைத்திருக்கிறேன், கூடவே ஒன்பது வயரையும் வரிசையாக வைத்து எடுத்த ஒரு படமும். மூன்று புகார் எண்ணும் என் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. இன்னும் பதில் வரவில்லை.